மறுபடியும் ஊசியா?



இன்றைய பேச்சுக்கு எடுத்துக்கொண்ட பொருள் ஒரு கேள்வி. டீக்கடையில் எழுந்த கேள்வி, ரேஷன் கடை வரிசையில் எழுந்த கேள்வி, படித்தவர் வீட்டிலும் படிக்காதவர் வீட்டிலும் ஒரே குரலில் எழுந்த கேள்வி. "ரெண்டு ஊசி போட்டாச்சே, மறுபடியும் எதுக்கு?"

கேட்டவர்களைக் குறை சொல்ல இடமே இல்லை. 2021-இல் இதே மக்கள்தான் கொரோனா ஊசிக்காகக் காலையிலேயே வந்து வரிசையில் நின்றார்கள். அந்த ஆண்டு செப்டம்பர் 12 அன்று தமிழ்நாட்டில் நடந்த முதல் மெகா தடுப்பூசி முகாமில் ஒரே நாளில் 28 லட்சம் பேருக்கு மேல் ஊசி போட்டுக்கொண்டார்கள். அத்தனை பேர் திரண்டு வந்த ஊரில், 2022 ஜனவரி 10 அன்று முன்னெச்சரிக்கைத் தவணை என்ற மூன்றாம் ஊசி தொடங்கியபோது என்ன நடந்தது? முதலில் மருத்துவப் பணியாளர்களுக்கும் முன்களப் பணியாளர்களுக்கும் இணைநோய் உள்ள முதியோருக்கும் கொடுத்தார்கள். ஏப்ரலில் 18 வயது நிரம்பிய எல்லோரும் தனியார் மையங்களில் காசு கொடுத்துப் போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். ஜூலையில் கணக்குப் பார்த்தால், 18 முதல் 59 வயது வரை நாடெங்கும் இருந்த சுமார் 77 கோடிப் பேரில் நூற்றுக்கு ஒருவர்கூட அந்த ஊசியைப் போட்டிருக்கவில்லை. அதன் பிறகு 75 நாள் இலவசமாகக் கொடுத்தார்கள். கடைசியில் நாட்டின் கணக்கு இப்படி நின்றது: இரண்டாம் தவணை போட்டவர்கள் ஏறத்தாழ 95 கோடி; மூன்றாம் தவணை போட்டவர்கள் சுமார் 22 கோடி.

95 எங்கே, 22 எங்கே? நடுவில் விழுந்த பள்ளம் பயம் போனதால் விழுந்தது என்பார்கள். பயம் போனது உண்மைதான். ஆனால் அது பாதிக் காரணம்தான். மறுபடியும் ஏன் என்று கேட்டவருக்கு யாரும் உட்கார வைத்துப் பதில் சொல்லவில்லை என்பது மீதிக் காரணம். அந்தப் பதிலைச் சொல்லத்தான் இந்த மேடை.

பதில் கொரோனாவில் தொடங்கவில்லை. முக்கால் நூற்றாண்டுக்கு முன்னால், அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் தொடங்குகிறது. அங்கே தாமஸ் பிரான்சிஸ் என்ற அறிஞரும், அவரிடம் பயிற்சி பெற்ற ஜோனாஸ் சால்க் என்ற இளம் மருத்துவரும் இன்ஃப்ளூயன்சா காய்ச்சலுக்குத் தடுப்பூசி செய்துகொண்டிருந்தார்கள். பின்னாளில் போலியோ ஊசியைக் கொடுத்த அதே சால்க்தான். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். முதல் உலகப் போரின் முடிவில் பரவிய காய்ச்சல் படைவீரர்களைக் கொத்துக் கொத்தாகக் கொண்டுபோனது எல்லோர் நினைவிலும் இருந்தது. எனவே 1943-இல் ராணுவப் பயிற்சி பெற்ற மாணவர்களிடம் ஊசியைச் சோதித்தார்கள். நன்றாக வேலை செய்தது. 1945-இல் பொதுமக்களுக்கும் அனுமதி கிடைத்தது. வெற்றி! இனி ஃப்ளூ ஒழிந்தது என்று நம்ப எல்லாக் காரணமும் இருந்தது.

1947 வந்தது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முந்தைய இலையுதிர் காலத்திலேயே மாணவர்கள் ஆயிரக்கணக்கில் ஊசி போட்டிருந்தார்கள். போடாதவர்களும் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். காய்ச்சல் பரவியது. இரு கூட்டத்தையும் எண்ணிப் பார்த்தார்கள். போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் காய்ச்சல்!

ஊசி கெட்டுவிட்டதா? இல்லை. மருந்தில் கலப்படமா? இல்லை. ஊசி போட்டவர்கள் உடலில் எதிர்ப்பொருள்கள் இருந்தனவா? நிறையவே இருந்தன. ஆனால் அவை பழைய வைரஸை அடையாளம் கண்டன. அந்த வசந்தத்தில் ஊருக்குள் வந்த வைரஸை அடையாளம் காணவில்லை. அதன் மேலுறைப் புரதம் மாறிப்போயிருந்தது. ஊசி அப்படியே இருந்தது, வைரஸ் நகர்ந்துவிட்டது.

பிரான்சிஸும் சால்க்கும் அதை மூடி மறைக்கவில்லை. ஊசி பலிக்கவில்லை என்று அதே ஆண்டு தாங்களே எழுதி வெளியிட்டார்கள். மருத்துவ வரலாற்றில் மிகுந்த பயன் தந்த தோல்விகளுள் அதுவும் ஒன்று. வைரஸ் உலகில் எங்கே எப்படி மாறுகிறது என்று இடைவிடாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்ற முடிவுக்கு உலகம் வந்தது அந்தக் காலத்தில்தான். 1952-இல் உலக சுகாதார நிறுவனம் தொடங்கிய கண்காணிப்பு வலையமைப்பு இன்று 120-க்கும் மேற்பட்ட நாடுகளில் இயங்குகிறது. ஆண்டுக்கு இரண்டு முறை, பிப்ரவரியில் வட கோளத்துக்காகவும் செப்டம்பரில் தென் கோளத்துக்காகவும் அறிஞர்கள் கூடி, அடுத்த பருவத்துக்கான ஃப்ளூ ஊசியில் எந்த வைரஸ் இருக்க வேண்டும் என்று முடிவு செய்கிறார்கள். சில நேரம் ஒரு பெயரை நீக்கவும் செய்கிறார்கள். பி வகை ஃப்ளூவில் யமகாதா என்றொரு பரம்பரை உண்டு. 2020 மார்ச்சுக்குப் பிறகு அது உலகில் எங்குமே உறுதியாகத் தென்படவில்லை. கொரோனாவுக்காக முகக்கவசம் போட்டு, வீட்டில் அடைந்து கிடந்த மாதங்களில் ஒரு வைரஸ் பரம்பரையே காணாமல் போய்விட்டது! அதனால் நான்கு வைரஸ்களுக்கான ஊசி மறுபடியும் மூன்றுக்கு வந்திருக்கிறது.

சரி, எல்லா வைரஸும் இப்படித்தானா? அங்கேதான் விஷயமே இருக்கிறது.

தட்டம்மையைப் பாருங்கள். 1954-இல் பாஸ்டன் அருகே ஒரு பள்ளிச் சிறுவனின் உடலிலிருந்து எடுத்த தட்டம்மை வைரஸின் வழித்தோன்றல்தான் இன்றும் இந்தியக் குழந்தைகளுக்குப் போடும் ஊசியில் இருக்கிறது. எழுபது ஆண்டு ஆகிறது. அந்த ஊசி இன்றும் காக்கிறது, ஏனென்றால் தட்டம்மை வைரஸ் தன் முகத்தை மாற்றிக்கொண்டு பிழைக்கத் தெரியாதது. ரணஜன்னியைப் பாருங்கள். அந்தக் கிருமியின் நஞ்சு மாறுவதே இல்லை. ஆனாலும் பத்து வயதில் ஒரு ஊசி, பதினாறு வயதில் ஒரு ஊசி, கருவுற்ற தாய்க்கு ஊசி. ஏன்? இங்கே உடலின் நினைவு மங்குகிறது. ஆண்டுகள் போகப்போக எதிர்ப்பொருளின் அளவு இறங்குகிறது.

ஒன்றில் கிருமி மாறுவதில்லை. இன்னொன்றில் நினைவு மங்குகிறது. மூச்சுப் பாதையைத் தாக்கும் ஃப்ளூவுக்கும் கொரோனாவுக்கும் என்ன சிக்கல் தெரியுமா? இரண்டுமே சேர்ந்து நடக்கின்றன. வைரஸும் மாறுகிறது, நினைவும் மங்குகிறது. ஒரு பக்கம் திருடன் வேடம் மாற்றுகிறான், மறுபக்கம் காவல்காரன் கண் மங்குகிறது. இந்த இரண்டுக்கும் சேர்த்து ஒரே மருந்தாக வருவதுதான் பூஸ்டர்.

பூஸ்டர் என்பது தமிழ்நாட்டுத் தாய்மார்களுக்குப் புதுச் செய்தியா? கொரோனா வருவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே, ஒன்றரை வயதில் ஒரு பூஸ்டர், ஐந்து வயதில் ஒரு பூஸ்டர் என்று தடுப்பூசி அட்டையைப் பத்திரமாக மடித்து வைத்திருந்தவர்கள் அவர்கள். முத்தடுப்பு ஊசியை மூன்று முறை போட்டாயிற்றே, நான்காவது எதற்கு என்று எந்தத் தாயும் கிராமச் செவிலியரோடு சண்டை போட்டதில்லை. பிள்ளைக்கு என்றால் புரிந்த விஷயம், பாட்டிக்கு என்று வரும்போது ஏன் புரியாமல் போயிற்று?

இன்னும் ஒரு வரலாறு. இதில் சென்னைத் துறைமுகம் வருகிறது.

1957 ஏப்ரல். ஹாங்காங்கில் காய்ச்சல் பரவுகிறது என்ற செய்தியை நாளிதழில் படித்தார் மாரிஸ் ஹில்மன் என்ற அமெரிக்க அறிஞர். கண் மங்கி, மருத்துவமனை வாசலில் பிள்ளைகளோடு காத்துக் கிடக்கும் கூட்டம் என்று செய்தி சொன்னது. இது சாதாரணக் காய்ச்சல் இல்லை என்று அவருக்குப் பட்டது. ஆசியாவிலிருந்து மாதிரி வரவழைத்துச் சோதித்தார். உலகில் ஏறக்குறைய யாரிடமும் அந்த வைரஸுக்கு எதிர்ப்பொருள் இல்லை. எழுபது, எண்பது வயதைத் தாண்டிய சிலரிடம் மட்டும் இருந்தது. அவர்கள் சின்ன வயதில், 1889-90 காலத்துக் கொள்ளைக் காய்ச்சலைக் கண்டவர்கள். ஹில்மன் ஊசி தயாரிப்பாளர்களை முடுக்கிவிட்டார். கோழி முட்டையில்தான் ஃப்ளூ ஊசி வளர்கிறது. முட்டை பொரியும் பருவம் முடிந்தால் பண்ணைக்காரர்கள் சேவல்களை அறுத்துவிடுவார்கள். அறுக்க வேண்டாம் என்று சொல்லி வைத்தார். அந்த இலையுதிர் காலத்துக்குள் அமெரிக்காவில் சுமார் 4 கோடித் தவணை ஊசி தயாராகிவிட்டது.

அதே 1957 மே மாதம். சிங்கப்பூரிலிருந்து எஸ்.எஸ். ரஜூலா கப்பல் சென்னைக்கு வந்து சேர்ந்தது. ரஜூலா என்றால் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் எத்தனையோ குடும்பங்களுக்கு ஒரு கதை உண்டு. மலாயாவுக்குப் போனவர்களும் திரும்பியவர்களும் ஏறிய கப்பல் அது. அந்த முறை பயணிகளோடு காய்ச்சலும் இறங்கியது. குன்னூர் பாஸ்டர் ஆய்வகத்தில் இயங்கிய இன்ஃப்ளூயன்சா மையம் அந்த வைரஸை ஆராய்ந்தது. 1958 பிப்ரவரி வரை இந்தியாவில் பதிவான நோயாளிகள் 44 லட்சத்துக்கு மேல். பதிவான மரணம் ஆயிரத்தைத் தாண்டியது. பதிவாகாதவை எத்தனை என்று எண்ணும்போது மனம் கனக்கிறது. அன்று இந்திய மக்களில் பெரும்பாலோருக்குப் புது ஊசி கிடைக்கவில்லை. வைரஸ் எங்கே மாறுகிறது என்று பார்த்தறியும் ஆய்வகம் நீலகிரியில் இருந்தது. பார்த்ததை மருந்தாக்கி மக்கள் கையில் சேர்க்கும் வழி இருக்கவில்லை.

இனி நம் காலத்துக்கு வருவோம்.

2021 நவம்பர் 24. தென்னாப்பிரிக்க அறிஞர்கள் ஒரு புதிய கொரோனாத் திரிபைக் கண்டு உலகுக்குச் சொன்னார்கள். இரண்டே நாளில் அதற்கு ஒமிக்ரான் என்று பெயர் வந்தது. அதன் கூர்முனைப் புரதத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட மாற்றங்கள். அதுவரை போட்ட ஊசிகள் எல்லாம் 2020 தொடக்கத்தில் கண்ட வைரஸை வைத்துச் செய்தவை. பிரிட்டனில் கணக்குப் பார்த்தார்கள். ஆஸ்ட்ராஜெனகா ஊசியை, அதாவது இந்தியாவில் கோவிஷீல்டு என்று போட்ட அதே ஊசியை, இரண்டு தவணை போட்டு ஆறு மாதம் கடந்தவர்களுக்கு, ஒமிக்ரானால் வரும் சாதாரணக் காய்ச்சலைத் தடுக்கும் பலன் ஏறக்குறைய இல்லாமலே போயிருந்தது. எம்.ஆர்.என்.ஏ. என்ற வேறு வகை ஊசியைப் பூஸ்டராகப் போட்ட சில வாரங்களில் அது 60, 70 விழுக்காட்டுக்கு ஏறியது. பத்து வாரம் போனதும் மறுபடி இறங்கத் தொடங்கியது.

"பார்த்தீர்களா, இறங்கிவிட்டது!" என்று சிலர் கைதட்டினார்கள். அவசரப்பட வேண்டாம். காய்ச்சல் வருவது வேறு, மூச்சுத் திணறி ஆக்சிஜன் குழாயோடு படுப்பது வேறு. மூக்கின் உட்தோலில் வைரஸ் இறங்கி மூன்று நாளில் ஒமிக்ரான் காய்ச்சல் வந்துவிடுகிறது. உடலின் நினைவணுக்கள் விழித்து, பெருகி, ஆயுதம் எடுத்து வர நான்கைந்து நாள் ஆகும். அதனால் ஊசி போட்டவருக்கும் சளியும் காய்ச்சலும் வரும். ஆனால் வைரஸ் நுரையீரலின் அடியாழத்துக்குப் போய்ச் சேருவதற்குள் படை வந்து நின்றுவிடும். "ஊசி போட்டும் வந்துதே" என்று சொன்ன எத்தனை பேர் அதைத் தங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, உயிரோடு சொன்னார்கள் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 2021-இல் தன் ஊழியர்களிடமே இதை அளந்து பார்த்தது. இரண்டு தவணை போட்டவர்களுக்குத் தொற்றைத் தடுத்தது 65 விழுக்காடு. மருத்துவமனையில் சேர்வதைத் தடுத்தது 77 விழுக்காடு. ஆக்சிஜன் தேவைப்படுவதைத் தடுத்தது 92 விழுக்காடு. தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போவதைத் தடுத்தது 94 விழுக்காடு. நோய் முற்ற முற்றத் தடுப்பும் ஏறுவதைக் கவனியுங்கள். ஊசியின் உண்மையான வேலை அந்தக் கடைசி எண்களில்தான் இருக்கிறது.

இஸ்ரேலில் 2021 ஜூலை கடைசியில் 60 வயது தாண்டியவர்களுக்கு மூன்றாம் ஊசி தொடங்கியது. அடுத்த ஒரு மாதம் 11 லட்சத்துக்கும் மேற்பட்ட முதியோரின் பதிவுகளைப் பார்த்தார்கள். இரண்டோடு நிறுத்தியவர்களோடு ஒப்பிட்டால், பூஸ்டர் போட்டவர்களிடம் கடும் நோய் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது.

ஆனால் இந்த விஷயத்தில் உலகுக்குப் பாடம் நடத்திய ஊர் ஹாங்காங். கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டிய கதை அது.

ஹாங்காங் இரண்டு ஆண்டு கொரோனாவை வாசலிலேயே நிறுத்தியது. எல்லையை மூடினார்கள், தனிமைப்படுத்தினார்கள், ஊரே முகக்கவசம் போட்டது. 2021 முடியும்போது மொத்த மரணம் இருநூறைச் சொச்சம்தான். ஊசிக்குப் பஞ்சமும் இல்லை. எம்.ஆர்.என்.ஏ. ஊசி ஒன்று, சீனாவின் சினோவாக் ஒன்று, எது வேண்டுமோ அதைப் போடலாம், காசு வேண்டாம். ஆனால் வீட்டிலும் முதியோர் இல்லங்களிலும் இருந்த தாத்தா பாட்டிகள் போடவில்லை. சர்க்கரை இருக்கிறது, ரத்தக்கொதிப்பு இருக்கிறது, ஊசி போட்டு ஏதாவது ஆகிவிட்டால்? நோய்தான் ஊருக்குள் இல்லையே, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று பிள்ளைகளே சொன்னார்கள். யாருக்கு ஊசி மிக அவசியமோ அவர்களே வீட்டில் தங்கிவிட்டார்கள்.

2022 தொடக்கத்தில் ஒமிக்ரான் உள்ளே புகுந்தது. பிப்ரவரிக் குளிரில் மருத்துவமனைக்கு வெளியே, திறந்த வெளியில், கட்டில்களில் வெள்ளிப் போர்வை போர்த்திய முதியவர்கள் காத்துக் கிடந்தார்கள். பிணவறைகள் நிரம்பின. மார்ச்சில் மக்கள்தொகை விகிதப்படி உலகிலேயே அதிகமான மரணம் அந்தச் செல்வச் செழிப்பான ஊரில் நடந்தது. ஜனவரி 6 முதல் மார்ச் 21 வரை இறந்தவர்கள் 5,906 பேர். அவர்களில் 96 விழுக்காட்டினர் 60 வயதைத் தாண்டியவர்கள். அந்த முதியோரில் 70 விழுக்காட்டினர் ஒரு ஊசிகூடப் போடாதவர்கள்.

அதே மார்ச்சில், அதே ஒமிக்ரான், கடலுக்கு அப்பால் நியூசிலாந்திலும் பரவியது. அங்கேயும் இரண்டு ஆண்டு எல்லை மூடியிருந்தது. அங்கேயும் மக்களுக்கு முந்தைய தொற்றின் அனுபவம் இல்லை. ஆனால் முதியோருக்கு ஊசியும் பூஸ்டரும் போட்டு முடித்திருந்தார்கள். காய்ச்சல் ஊரெங்கும் வந்தது. ஹாங்காங்கில் விழுந்ததுபோல் சாவு விழவில்லை.

ஹாங்காங்கில் இன்னொன்றும் தெரியவந்தது. சினோவாக் இரண்டு தவணை போட்ட முதியோருக்கு, எம்.ஆர்.என்.ஏ. போட்டவர்களைவிடப் பாதுகாப்பு குறைவாக இருந்தது. மூன்றாவது தவணை போட்டதும் அந்த வேறுபாடு ஏறக்குறைய மறைந்தது. இரு வகை ஊசியும் கடும் நோயை நூற்றுக்கு 97, 98 என்ற அளவில் தடுத்தன. மூன்றாவது ஊசிக்கு இவ்வளவு வலு எப்படி வந்தது?

உடலுக்குள் நடப்பதைப் பாருங்கள். முதல் ஊசிகள் போட்ட பிறகு நிணநீர்க் கணுக்களில் ஒரு பயிற்சிக்கூடம் இயங்குகிறது. எதிர்ப்பொருள் தயாரிக்கும் பி அணுக்கள் அங்கே மாதக்கணக்கில் பயிற்சி எடுக்கின்றன. நன்றாகப் பற்றுபவை தங்குகின்றன, சரியாகப் பற்றாதவை கழிந்துபோகின்றன. ஆறு மாதம் கழித்து வரும் ஊசி, அப்படித் தேறிய அணுக்களை எழுப்புகிறது. அவை சுரக்கும் எதிர்ப்பொருள்கள் அளவில் மட்டும் கூடுவதில்லை, விரிவிலும் கூடுகின்றன. பழைய வைரஸை வைத்துச் செய்த ஊசியே புதிய திரிபையும் ஓரளவு பிடிக்கிறது. முன்னெச்சரிக்கைத் தவணைக்கு முதலில் ஒன்பது மாதமும் பிறகு ஆறு மாதமும் இடைவெளி வைத்ததில் இந்தக் காரணமும் இருக்கிறது. அடுத்தடுத்த வாரங்களில் குத்திக்கொண்டே போனால் பயன் வராது.

அப்படியென்றால் பழைய மருந்தே என்றைக்கும் போதுமா? போதாது. 2022-இல் பழைய வைரஸையும் ஒமிக்ரானையும் கலந்து இரட்டை ஊசி செய்தார்கள். உடலோ தனக்குப் பழகிய பழைய முகத்தையே முதலில் திரும்பிப் பார்த்தது. முதலில் கண்டதை மறக்காத இந்தக் குணத்தை ஃப்ளூவில் முதலில் எடுத்துச் சொன்னவர், மிச்சிகனில் தோல்வியைக் கண்ட அதே தாமஸ் பிரான்சிஸ். எனவே 2023-இல் உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு, பழைய வைரஸை ஊசியிலிருந்து எடுத்துவிட்டு ஒமிக்ரானின் கிளையான எக்ஸ்.பி.பி. வகையை மட்டும் வையுங்கள் என்றது. 2024-இல் அதன் இடத்துக்கு ஜே.என்.1 என்ற திரிபு வந்தது. 2025-இல் எல்.பி.8.1 பட்டியலில் சேர்ந்தது. இந்தியாவிலும் புனேயில் ஒமிக்ரானுக்கென்றே ஓர் எம்.ஆர்.என்.ஏ. ஊசி செய்து 2023 ஜூனில் அறிமுகப்படுத்தினார்கள். அறிவு இருந்தது, தொழில்நுட்பம் இருந்தது. பொதுத் திட்டத்தில் மக்கள் கைக்கு அது பரவலாகப் போய்ச் சேரவில்லை.

பூஸ்டர் ஊசிகள் ஏன் மக்களிடம் போய்ச் சேரவில்லை என்பதைத் துணை சுகாதார நிலையத்தில் நின்று பார்த்தால் தெரியும். கோவிஷீல்டு குப்பி ஒன்றில் பத்துத் தவணை. நீலப்பெட்டியில், நான்கு ஐஸ் பேக்குகளுக்கு நடுவில் வைத்துச் செவிலியர் கொண்டு வருகிறார். குப்பியைத் திறந்ததும் நேரத்தை எழுதுகிறார். நான்கு மணி நேரத்துக்குள் பத்துப் பேருக்குப் போட்டாக வேண்டும். தாண்டினால் மிச்சத்தை அழிக்க வேண்டும். 2021-இல் பத்துப் பேர் பத்து நிமிடத்தில் வந்தார்கள். 2022-இல் காலை பத்து மணிக்கு வந்தவர்கள் மூன்று பேர். குப்பியைத் திறப்பதா, வேண்டாமா? மூவரையும் உட்கார வைத்துவிட்டு அவர் போன் போடுகிறார், தெருவுக்குள் போய்க் கூப்பிடுகிறார். மதியம் வரை காத்திருந்த பெரியவர் "அப்புறம் வர்றேம்மா" என்று எழுந்து போகிறார். பிறகு அவர் வருவதில்லை. கேட்பவர் குறையக் குறையக் கொடுப்பதும் குறைந்தது. கொடுப்பது குறையக் குறையக் கேட்பவரும் குறைந்தார்.

பூஸ்டர் எல்லோருக்கும், எல்லா ஆண்டும் வேண்டுமா? இந்த மேடை அப்படிச் சொல்லவில்லை. ஊசிக்கும் பக்கவிளைவு உண்டு. எம்.ஆர்.என்.ஏ. ஊசியால் இளைஞர்கள் சிலருக்கு இதயத் தசையில் அழற்சி வந்தது. ஆஸ்ட்ராஜெனகா ஊசியால் மிக அரிதாகச் சிலருக்கு ரத்தம் உறைந்தது. இவை மிக அரிது. ஆனாலும் மறைக்கக் கூடாதவை. 20 வயது ஆரோக்கியமான இளைஞருக்கு அடுத்தடுத்த பூஸ்டரால் வரும் லாபம் சிறிது. 2023 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனைக் குழு இதைத் தெளிவாகவே பிரித்துச் சொன்னது: முதியோர், கடும் இணைநோய் உள்ளவர்கள், எதிர்ப்புச் சக்தி குன்றியவர்கள், கர்ப்பிணிகள், முன்களத்தில் நிற்கும் மருத்துவப் பணியாளர்கள். மறுபடியும் மறுபடியும் ஊசி தேவைப்படுவது இவர்களுக்குத்தான். ஊர் முழுவதற்கும் என்று முழங்கியதில் இவர்கள் தொலைந்துபோனார்கள் என்பதுதான் வருத்தம்.

ஃப்ளூவிலும் இதே கதை நடந்துகொண்டிருக்கிறது. ஸ்ரீநகரில் ஃப்ளூ பனிக்காலத்தில் உச்சம் தொடுகிறது. சென்னையிலும் வேலூரிலும் வடகிழக்குப் பருவமழையோடு அக்டோபர், நவம்பரில் உச்சம் தொடுகிறது. அப்படியானால் இங்கே ஊசி எப்போது போட வேண்டும்? மழைக்கு முன்பு, ஆகஸ்டு, செப்டம்பரில். எத்தனை மருத்துவமனைகளில் இதைச் சொல்லி அனுப்புகிறார்கள்? கர்ப்பிணிக்குப் போட்டால் பிறக்கும் குழந்தைக்கும் சேர்த்துப் பாதுகாப்பு. ஆறு மாதம் நிரம்பாத பிள்ளைக்கு நேரடியாகப் போட ஃப்ளூ ஊசி கிடையாது. இருந்தும் நாட்டின் பொதுத் தடுப்பூசி அட்டவணையில் ஃப்ளூவுக்கு இடம் இல்லை. தனியார் மருத்துவமனையில் ஆயிரம் ரூபாய்க்கு மேல் கொடுக்க வேண்டும். நூறு நாள் வேலைக்குப் போகும் பாட்டி அந்த ஆயிரத்துக்கு எங்கே போவார்?

தேவைப்படுபவர்களுக்கு ஊசியைக் கொண்டு சேர்க்கப் புதிதாக ஒரு கட்டடமும் கட்ட வேண்டியதில்லை. தேனாம்பேட்டையில் மரபணு வரிசையைப் பார்க்கும் அரசு ஆய்வகம் 2021 செப்டம்பரிலேயே வந்துவிட்டது. எந்தத் திரிபு ஊருக்குள் திரிகிறது என்று இங்கேயே கண்டுபிடிக்கலாம். 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வழியாக, சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கே போகிறது. அந்த மாத்திரை யார் யாருக்குப் போகிறது என்ற பட்டியலை எடுத்துப் பாருங்கள். பூஸ்டர் யாருக்குத் தேவை என்று உலக வல்லுநர்கள் எழுதிய பட்டியலின் பெரும்பகுதி அதில் பெயரோடும் தெருவோடும் இருக்கிறது! டயாலிசிஸ் செய்துகொள்பவர்களின் பெயர்கள் அரசு மருத்துவமனைப் பதிவேட்டில் இருக்கின்றன. கர்ப்பிணிகளின் பெயர்கள் அரசின் கர்ப்பகாலப் பதிவான பிக்மியில் இருக்கின்றன.

புதன்கிழமைதோறும் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடும் நாள். பேரப்பிள்ளையை ஒன்றரை வயதுப் பூஸ்டருக்குத் தூக்கிக்கொண்டு வருபவர் பெரும்பாலும் பாட்டிதான். செப்டம்பர் மாதத்துப் புதன்கிழமைகளில் அந்தப் பாட்டிக்கும் ஒரு ஊசி, அந்தப் பருவத்து வைரஸை வைத்துச் செய்த ஊசி, காசில்லாமல் போடப்பட வேண்டும். குழந்தையின் அட்டையைப் போல அவருக்கும் ஓர் அட்டை கொடுத்து, அடுத்த தவணைத் தேதியை எழுதித் தர வேண்டும். நான்கு மணி நேரத்துக்குள் பத்துப் பேரைத் தேடித் தெருவில் அலையும் நிலை செவிலியருக்கு வராதபடி, ஒற்றைத் தவணைக் குப்பிகளாக அவை வர வேண்டும். இந்த மூன்றையும் கேட்டு ஒரு மனு இந்த அரங்கின் வாசலில், மேசை மேல் வைக்கப்பட்டிருக்கிறது. சுகாதாரத் துறைக்கு அனுப்பப் போகும் மனு அது. படித்துப் பார்த்து, சம்மதம் உள்ளவர்கள் கையெழுத்திட்டுச் செல்லுங்கள்.